கிடந்து பூப்பது

ஓசூரிலிருந்து வந்த லோடு ஆட்டோவில்
நூற்றெண்பது சொன்னான், நூற்றைம்பதுக்குத் தந்தான்.
"பார்க்கவே வேண்டாம்ணே,
வெட்ட வேண்டாம், கட்ட வேண்டாம்,
அதுபாட்டுக்குப் படரும்."
அந்த 'அதுபாட்டுக்கு'தான் எனக்குப் பிடித்தது.
இரவெல்லாம் ஐஸ் கம்பெனியில் அமோனியா நெடி,
விடிந்தால் தூக்கம்.
என்னை மாதிரி ஆளுக்கு
என்னை எதிர்பார்க்காத செடிதான் சரி.

பாம்பன் மணலில் ரோஜாவா என்று
சிரிக்காதவர் இல்லை.
நிமிர்ந்த ரோஜா முன்பு ரெண்டு வைத்தேன்.
ஆடிக் கச்சான் ஒன்றை முறித்தது.
மற்றதன் இலையில் உப்புப் படிந்து
ஓரம் கருகி, அப்பளம்போல் நொறுங்கியது.
இது காற்றுக்கு எழுந்து நிற்பதில்லை.
கரையில் அடும்பங்கொடிக்குத் தெரிந்த வித்தையை
ஓசூர்க்காரிக்கு யார் சொன்னார்களோ,
வயிற்றை மண்ணில் வைத்து நகர்ந்தது.

முற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை,
இரண்டு பாய் விரிக்கும் இடம்.
கிழிந்த வலையைக் கம்பில் கட்டிய வேலி.
ஒரு மூட்டை செம்மண், ஆட்டுப்புழுக்கை,
மூன்று மழையில் உப்புப் போன கடற்பாசி.
சோற்றுக்கற்றாழை, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி,
நான் வைத்ததும் தானாக வந்ததும் கலந்த கூட்டம்.
நடுவில் இது,
ஐந்து ரூபாய்க் காசளவில்
நெருக்கி நெருக்கி, வெளிறிய சிவப்பில்.
காம்பு கிடையாது, கொண்டைக்கு ஆகாது,
மாதா கெபிக்கு மாலை கட்டவும் ஆகாது.
மணம் வேண்டுமானால்
குனிந்து, மூக்கு மண்ணில் படணும்.
மருந்து அடிக்கவில்லை. உதிர்ந்ததைப் பெருக்கவில்லை.

தண்ணீர் குடம் பத்து ரூபாய்.
அதனால் ஒரு யோசனை:
பார் உடைக்கும்போது சிதறும் துண்டுகளைச்
சாக்கில் சுற்றி, சைக்கிளில் கொண்டுவந்து
தூருக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் படுப்பேன்.
நான் தூங்கத் தூங்க அது குடிக்கும்.
எழும்போது
நனைந்த சாக்கு மட்டும் கிடக்கும்.

வலைக்கு அப்பால் டெல்பின் அக்கா வீடு.
ஈராண்டாகப் பேச்சில்லை.
அன்று நேவிஸ் அண்ணன் படகு நிறைய இறால்.
அவள் ஐஸ் கேட்டு வந்தாள், கடனுக்கு.
முதலாளி கடன் ஏட்டை மூடச் சொல்லியிருந்தார்,
நான் மூடியிருந்தேன்.
நாலு மணிக்குள் இறால் தலை கறுத்தது.
வியாபாரி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான்,
கூடைக்குள் திரும்பப் போட்டுவிட்டுப் போனான்.

போன வெள்ளிக்கிழமை
நான் சாக்கைப் பிரிக்கும்போது
வலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.
"செடிக்குக் கணக்கு எழுதுறது இல்லையோ"
என்றாள்.
அவ்வளவுதான், ஈராண்டுக்குப் பிறகு.
என்னிடம் பதில் இருந்தது:
சாவி, முதலாளி, ஏடு.
வாயில் வைத்துப் பார்த்தேன்,
கரைந்துவிட்டது.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
வலைக்கண் வழியே ஒரு கொடி
அவள் முற்றத்துக்குள் ஒரு முழம் போயிருந்தது.
அவள் உள்ளே போனதும் கைவிட்டு இழுத்தேன்.
வரவில்லை.
கணு மண்ணைத் தொட்ட இடத்தில்
வேர் விட்டிருந்தது.
விரலால் லேசாகக் கிளறினேன்.
வேரைச் சுற்றிப் புதைத்த இறால் ஓடு,
இன்னும் காயாத, நேற்றைய ஓடு.
ஆடு வாய் வைக்காமலிருக்க
மூன்று கல்.

கையை எடுத்தேன்.
முள் சட்டையைக் கொஞ்சம் பிடித்து, விட்டது.
இனி நடுவில் அறுத்தாலும்
இரண்டு துண்டும் பிழைக்கும்.
பார்க்கவே வேண்டாம் என்றானே அந்த ஆட்டோக்காரன்,
ஒருவர் தூங்கும்போது ஒருவர்
பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

இன்று துண்டு கொஞ்சம் பெரிது.
வழக்கமான இடத்தில் வைக்கவில்லை,
வேலியோரம் வைத்தேன்.
எங்கள் முற்றத்தின் சரிவு
அந்தப் பக்கம்தான்.